வீட்டு டிவி மங்கலாம்

மார்ச் 3, செவ்வாய்

கடையில் இன்று எல்லா டிவியிலும் ஒரே கிளி. காலையிலிருந்து கடை மூடும்வரை சிறகைக் கோதிக்கொண்டே இருந்தது. அதை வாய் பிளந்து பார்க்க ஒரு கூட்டம். மலிவான டிவிகளின் வெளிச்சத்தைக் குறைத்துவை என்றார் மேலாளர். பக்கத்தில் இருக்கும் விலையுயர்ந்தது அப்போதுதான் ஜொலிக்குமாம். இந்த மூளைக்கு ஒரு டை வேறு.

வாங்க வரும் புருஷர்களாவது புதிதாக ஏதாவது சொல்லக்கூடாதா? எல்லாருக்கும் ஒரே வசனம்: "வீட்ல இருக்கறது மங்கிப்போச்சுங்க." பொய். புதுசு மேல் ஆசை, அவ்வளவுதான். கூட நிற்கும் மனைவி உதட்டைப் பிதுக்குவாள். அவளுக்கும் தெரியும்.

மார்ச் 8, ஞாயிறு

என் வீட்டுக்காரருக்கும் அந்த வசனம் தொற்றிவிட்டது. "நம்ம டிவி கொஞ்சம் மங்கலா இருக்கு, இல்ல?" என்றார். யாரிடம்? என்னிடம்!

"டிவி விக்கிறவகிட்டயே இந்தக் கதையா? புதுசு வேணும்னா நேராக் கேளுங்க."

சிரித்துவிட்டுத் தொடரைப் பார்க்கப் போய்விட்டார். அதில் ஒருத்தி மூன்று வாரமாக மாடிப்படியில் உருண்டுகொண்டிருக்கிறாள். இந்தக் கண்ராவிக்கு இவ்வளவு வெளிச்சம் போதாதா?

ஏப்ரல் 5, ஞாயிறு

வாரமெல்லாம் பஸ் ஓட்டுகிற மனிதர் லீவு நாளில் மர பொம்மை பஸ்ஸுக்கு வண்ணம் பூசுகிறார். பொழுதுபோக்காம்! பட்டப்பகலில் மேஜை மேல் இரண்டு விளக்கு. அப்படியும் சிவப்பு ஜன்னல்வரை வழிந்திருந்தது. "சின்னப் பிள்ளைகூட இதவிட நல்லா பூசும்" என்றேன். துடைத்துவிட்டு மறுபடி பூசினார்.

ஏப்ரல் 17, வெள்ளி

பணிமனையில் பஸ்ஸின் இடப்பக்கக் கண்ணாடியைத் தூணில் உரசிவிட்டாராம். "தூண் இருந்ததே தெரியல" என்கிறார். தூண் என்ன, பஸ் ஏற வந்ததா?

கடையில் இன்று மட்டும் மூன்று பேர் 'மங்கிப்போச்சு'. காது புளித்துவிட்டது.

மே 6, புதன்

ஓட்டுநர்களுக்கு வருடந்தோறும் நடக்கும் கண் பரிசோதனை. இனி பஸ்ஸைத் தொடக்கூடாது என்று அனுப்பிவிட்டார்கள். சீருடையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருக்கிறார்.

மே 8, வெள்ளி

கண் மருத்துவர் என்னைவிடச் சின்னப் பெண். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இடது பக்கப் பார்வை பாதிக்குமேல் போய்விட்டதாம்.

"போனது திரும்பாதுங்க. மிச்சத்தைக் காப்பாத்தலாம். கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமே? எதுவும் மங்கலாத் தெரியலையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நான் கவனிக்கலைங்க டாக்டர்."

கவனிக்கலையா? சொன்னாரே. என்கிட்ட சொன்னாரே! கடைக்கு வர்றவன்ல ஒருத்தனா நெனச்சு நக்கல் பண்ணினேனே — எந்த டிவிய யார் மங்கவெச்சாங்கன்னு தெரிஞ்சவளாம் நான், பெரிய இவ. த்தூ.

மே 9, சனி

கடைக்குப் போனேன். யாருக்கும் எதுவும் விற்கவில்லை.

மே 24, ஞாயிறு

அவருக்குப் பணிமனை அலுவலகத்தில் நாற்காலி வேலை கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் பஸ் எடுத்துக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இதைக் கருணை என்று வேறு சொல்கிறார்கள்.

சாயங்காலம் சொட்டு மருந்து வாங்க இருவரும் நடந்து போனோம். அவருக்கு இடப்பக்கமாக நடந்தபடி மேலாளரை வழக்கம்போலக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று நின்று, முழு உடம்பையும் என் பக்கம் திருப்பினார்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வந்துடறியா? அங்க இருந்தா நீ எனக்குத் தெரியறதில்ல."

"எப்போலேர்ந்து?"

"ரொம்ப நாளாவே."

வலப்பக்கம் மாறினேன். மேலாளர் கதையை அத்தோடு விட்டுவிட்டேன்.