ஸாஹிரா அக்காவின் பன்னிரண்டு மெஷின்கள்

ஒக்டோபர் 6, திங்கள்

அவிசாவளை கார்மன்ட் தொழிற்சாலையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மெக்கானிக் பிரிவில் திரும்பச் சேரலாமாம். 31ஆம் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மாசம் பொறந்தா சம்பளம். இப்பிடி பேக்க தூக்கிக்கிட்டு ஊரூரா அலைய வேணாம் ஜீவராணி" என்றாள்.

ஏழு வருடம் அங்கே தையல் மெஷின் பழுது பார்த்தேன். எட்டு மாதமாகத் தெரணியகலையைச் சுற்றி வீடு வீடாக அதே வேலை, ஆனால் என் சொந்தத் தொழில். இன்னொருவர் அடிக்கும் மணிக்கு ஓட இனி எனக்கு முடியாது. அதே நேரம், இங்கே ஒன்று அங்கே ஒன்று என்று கிடைக்கும் வேலையை நம்பிக் கடிதத்தைக் கிழிக்கவும் முடியாது. மாதாமாதம் வேலை தரும் ஒரு இடம் வேண்டும். தேடிப் பிடிப்பேன்.

ஒக்டோபர் 11, சனி

பிடித்தேன்! டவுனில் ஸாஹிரா அக்கா தன் வீட்டிலேயே தையல் கூடம் நடத்துகிறார். பன்னிரண்டு மெஷின். பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறாராம். நானே போன் பண்ணினேன். "புதன்கிழம ஒம்பது மணிக்கு வாங்க. ஒங்கட வேலயப் பாத்துட்டு சொல்றேன்" என்றார். என் வேலையைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

ஒக்டோபர் 15, புதன்

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எட்டரைக்கே போய்விட்டேன். பெரிய வீடு, பெரிய கேட். கால் தானாகப் பின்பக்கம் போனது. நான் வளர்ந்த தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவுக்கு யார் போனாலும் பின்னால் குசினிப் பக்கம் நின்று, கூப்பிட்ட பிறகுதான் வாயைத் திறப்போம். அப்பாவும் அப்படித்தான், அம்மாவும் அப்படித்தான். போனையும் சத்தம் வராமல் பண்ணிப் பைக்குள் போட்டுவிட்டேன் — மரியாதையாம்! தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றேன்.

குப்பை கொட்ட வந்த பெண் என்னைக் கண்டு பயந்து கத்தினாள். ஸாஹிரா அக்கா ஓடி வந்தார். "என்ன புள்ள இது, முன்னுக்கு பெல் இருக்கே! நாலு தரம் கோல் எடுத்தேன். நீங்க வரல்லன்டு எஹலியகொடயில இருந்து மெஷின் திருத்துற ஜாபிர் பாஸ வரச் சொல்லிட்டேன்."

பஸ்ஸில் அழுகை அழுகையாக வந்தது. இங்கிலீஷில் மெஷின் புத்தகம் வாசிக்கத் தெரியுது, ஒரு பெல்ல அடிக்கத் தெரியலயா ஒனக்கு? யாரு ஒன்ன அங்க நிக்கச் சொன்னா? எந்தத் தொர சொன்னான்?

ஒக்டோபர் 16, வியாழன்

முன்கேட். பெல். ஒரு தரமில்லை, இரண்டு தரம்.

ஏன் பின்னால் நின்றேன் என்று ஸாஹிரா அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நேற்றே ஜாபிர் பாஸ் வந்து பழுதான மெஷின்களைச் சரி பண்ணியிருந்தார். ஒன்றை மட்டும், இனி ஆகாது, மாற்றுங்கள் என்றாராம். "அதக் குடுங்க அக்கா" என்றேன்.

தையல் விட்டு விட்டு விழுந்தது. ஊசி எதிலோ முட்டி, ஊசியைப் பிடிக்கும் தண்டு ஒரு மயிரிழை மேலே ஏறியிருந்தது. அவ்வளவுதான். இறக்கி, பூட்டி, துணி கொடுத்து ஓட்டிக் காட்டினேன். நாற்பது நிமிடம். தைக்கிற பெண்கள் எழுந்து வந்துவிட்டார்கள். "ஹரி ஷோக் நங்கி!" என்று சிங்களத்தில் பாராட்டினாள் ஒருத்தி.

இனி மெஷின் நின்றால் கூப்பிடுவதாக ஸாஹிரா அக்கா சொன்னார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ — "நின்ன பொறகு கூப்பிட வேணாங்க அக்கா. மாசம் ரெண்டு நாள் எனக்குத் தாங்க. நிக்காமப் பாத்துக்கிறேன்" என்றேன்.

தீபாவளி ஓடர் முடிந்ததும் யோசித்துச் சொல்கிறாராம்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தும் விரலில் மெஷின் எண்ணெய் மணம் போகவில்லை. பரவாயில்லை. போன் வரவில்லை. அதைத்தான் பரவாயில்லை என்று விட முடியவில்லை.

ஒக்டோபர் 27, திங்கள்

ஸாஹிரா அக்காவின் போன் வந்தது! "மாசக் கடசி ரெண்டு நாளும் ஒங்களுக்குத்தான். இந்த மாசமே தொடங்குங்க." அம்மாவிடம் சொன்னேன். "மொதல்ல செஞ்சிதான் பாரேன்" என்று மட்டும் சொன்னாள். சரி, வேலையை முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை கார்மன்டுக்குப் பதில் சொல்கிறேன்.

நவம்பர் 2, ஞாயிறு

இரண்டு நாளில் பன்னிரண்டையும் பார்த்து முடித்தேன். நேற்று ஸாஹிரா அக்காவின் மச்சினி வீட்டில் இன்னும் நான்கு மெஷின். இன்று துணி துவைக்கும்போதுதான் திடுக்கென்றது — வெள்ளிக்கிழமை போய்விட்டதே! கார்மன்டை நான் அடியோடு மறந்துவிட்டேன்.

"நீயாவது ஞாபகப்படுத்தியிருக்கலாமே அம்மா" என்றேன்.

அம்மா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. "எனக்கு ஞாபகம் இருந்துச்சு புள்ள. அன்னைக்குக் காலையில நீ பாட்டு முணுமுணுத்துக்கிட்டே பேக்க அடுக்கிக்கிட்டு இருந்த. சொல்ல மனசு வரல."