கராத்தே டீச்சர் வருவாங்க

தையல் கம்பெனிக்குக் கிளம்புமுன், அறைக்குள் தாழ்போட்டுக்கொண்டு கிடந்த மகளுக்கு அம்மா சீட்டு எழுதினாள்.

“கண்ணு, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சாயங்காலம் உன் கராத்தே டீச்சர் வருவாங்க, கதவைத் திற. நேத்து ஸ்கூல்ல அந்தப் பையனை அடிச்சிட்டோமே, அவங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு கிளாஸை விட்டுடாதே. அங்க சேர்ந்த பிறகுதான் நீ கண்ட கூட்டத்தோட சுத்தறதை விட்டே. நான் கத்திக் கத்தித் தொண்டை வத்தினதுதான் மிச்சம். அவங்க ‘நில்லு’ன்னா நிக்கிறே. எனக்கு அந்த வித்தை தெரியலடி.”

கதவைத் தட்டிப் பார்த்தாள். சீட்டின் அடியில் நுணுக்கி எழுதினாள்:

“அவங்க திட்ட வரல. நான்தான் போன்ல அழுதேன்.”

கதவிடுக்கில் செருகினாள். பாதிச் சீட்டு வெளியே நின்றது. உள்ளிருந்து யாரும் இழுக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.