லியோனில் நீ கண்ட மணத்தக்காளி

கான் ஹொய், சைகோன்
21 செப்டம்பர் 1983

அன்பு மகள் சாலிஹாவுக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதுவது. இறைவன் கிருபையால் நானும் உன் உம்மாவும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் இப்ராஹிமும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். பழத்தைக் கொடுக்காதே, கொடுத்திருந்தால் டாக்டரிடம் ஓடு என்று போன வாரம் நான் அடித்த தந்தி உன்னைக் கலக்கியிருக்கும், அதன் விவரம் சொல்கிறேன்.

பிள்ளைக்கு வாய்ப்புண், வீட்டுக்குப் பின்னால் காட்டோரம் மணத்தக்காளி கண்டேன், பழுத்ததும் பறித்துக் கொடுக்கப் போகிறேன் என்று நீ எழுதியது ஒன்றரை மாதம் கழித்துத்தான் கைக்கு வந்தது. பிரான்சுக்குப் போயும் உம்மாவின் கைமருந்தை மறக்கவில்லையே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை, பள்ளிவாசலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வந்து உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மங்கிய ஊதாவில் மணி போலப் பூ, காய் பெரிதாக ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது என்ற இடம் வந்ததும் அவள் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டாள். நம் செடி வெள்ளைப் பூ, சின்னப் பழம், கொத்தாகத்தானே காய்க்கும் என்றாள். அந்த ஊர் மண் வளம் என்றேன் நான், மடையன். அவள் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு உன் கடிதத்தோடு என்னையும் மருந்துக்கடை எலென் அம்மாவிடம் இழுத்துப் போனாள். அந்த அம்மா பிரெஞ்சுப் புத்தகத்தில் நீ எழுதிய மாதிரியே ஒரு படம் காட்டினார்கள். நம் செடியும் அதுவும் ஒரே குடும்பம்தானாம், ஆனால் அது கொடிய விஷம், சிறு பிள்ளைக்கு இரண்டு மூன்று பழமே போதுமாம். அங்கிருந்து நேரே தந்தி ஆபீசுக்கு ஓடினோம்.

இங்கே மாத்திரை கிடைப்பது குதிரைக் கொம்பு. கிடங்குச் சுவரோரம் முளைக்கிற செடியை வைத்தே இந்தச் சந்தில் பாதிப் பேரின் வாய்ப்புண்ணை உன் உம்மா ஆற்றியிருக்கிறாள். கீரையை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் தேங்காய்ப்பால் ஊற்றுவாள், பச்சைக்காயை யாரையும் வாயில் வைக்க விடமாட்டாள், பூவும் காயும் பார்க்காமல் எந்தச் செடியிலும் கை வைத்ததில்லை. முப்பது வருஷமாகக் கைராசி என்று நினைத்திருந்தேன், எல்லாம் அவள் கண்ணின் கவனம். எழுதப் படிக்கத் தெரியாதவள் என்று கேலி செய்த வாய் இது.

இப்ராஹிமுக்கு அங்குள்ள டாக்டர் தரும் மருந்தையே போடு. தந்தி கொடுத்து எட்டு நாளாயிற்று, உன்னிடமிருந்து பதில் இல்லை. உம்மா சொல்வதை அப்படியே எழுதுகிறேன்: "புள்ளைக்குக் குடுத்திருந்தாலும் ஏச மாட்டேன், மறைக்காம எழுதும்மா." அல்லாஹ் உங்கள் மூவரையும் காப்பானாக, இன்றே தந்தி அடி.

உன் வாப்பா,
நத்தர்ஷா