லைசென்சுக்கு ஒரு மனு

போடிநாயக்கனூர்,
12-3-1942

அன்புள்ள அத்தானுக்கு,

மதுரை ஜெயிலிலிருந்து நீங்கள் போட்ட கடிதம் வந்து இருபது நாளாகிறது. பதில் பிந்தியதற்குப் பாப்பாவின் காய்ச்சலைக் காரணம் சொல்லலாம். காய்ச்சல் நான்கே நாளில் விட்டுவிட்டது.

ஆயுசுக்கும் பஸ் ஓட்டக் கூடாது என்று கோர்ட்டு போட்ட தடையை நீக்கச் சொல்லி மனு எழுதக் கேட்டிருக்கிறீர்கள். போன வருஷம் லைசென்ஸைப் பிடுங்கியபோதும் நான்தான் எழுதினேன். உங்கள் வாயில் அடித்தது சாராய நெடியில்லை, இருமல் மருந்தின் நெடி என்று எழுதினேன். காலேஜில் படித்த இங்கிலீஷ் அதற்குத்தான் உதவியது. மாஜிஸ்திரேட் நம்பித் திருப்பிக் கொடுத்தார். மூன்றாம் மாதமே, குடித்துவிட்டு நீங்கள் ஓட்டிய பஸ்ஸில் அடிபட்டுக் கூடலூர்ச் சந்தை வாசலில் இருளம்மாள் செத்தாள்.

நேற்று அவள் புருஷன் கருத்தக்கண்ணன் வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"அவுக சம்சாரம்னு தெரிஞ்சுதான் வந்தேன், ஆத்தா. நீ எழுதுனா கோர்ட்டுல கேக்காகளாம்ல. அந்த லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துராதீகன்னு எனக்கும் ஒரு மனு எழுதிக் குடு."

இடுப்பிலிருந்த பாப்பாவைப் பார்த்து, "அப்பன உரிச்சு வச்சிருக்கு" என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கைநாட்டு வைத்து வாங்கிப் போனார்.

இனி யார் எழுதினாலும் உங்கள் மனு எடுபடாது, அத்தான். வண்டி ஓட்டுவதைத் தவிர உங்களுக்கு வேறு தொழில் தெரியாது. வெளியே வந்தால் பகல் முழுக்க இந்த ஒரு அறையில்தான் இருப்பீர்கள். குடிப்பீர்கள். எதிரே நானும் பாப்பாவும் இருப்போம்.

அது தெரிந்துதான் அவருக்கு எழுதிக் கொடுத்தேன்.

உங்கள் பிள்ளையின் அம்மா