இருபது பேருக்கு நான் ஒருத்தியே தொட்டது

கச்சிராயபாளையம்
14.2.2022

அன்பு மகள் இலக்கியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நோவு நொடியில்லாமல் இருக்கிறோம், புனேயில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கரும்பு வெட்டு முடிந்தது. கொளஞ்சியப்பன் சித்தப்பா மறுபடியும் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் என்று கூட்டம் கூட்டமாக அலைகிறார், வேளைக்குச் சாப்பிடுவதில்லை. மூன்று முறை உனக்குப் போன் போட்டேன், உன் குரலைக் கேட்டதும் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருடம் நீ ஒரு டேப்லெட் அனுப்பினாய் அல்லவா, உன் கம்பெனி செய்யும் ஆஸ்பத்திரி டோக்கன் மிஷினுக்காக. எழுத்து தெரியாதவர்கள் படத்தைத் தொட்டதும் என்ன சத்தம் வந்தால் வேலை முடிந்தது என்று புரியும், ஐந்து சத்தத்தையும் போட்டுக் காட்டிக் கல்வராயன் மலையில் இருபது பேரிடம் கேட்டுச் சொல் என்றாய். நான் கிளம்பிய அன்று மறியல், மலைக்குப் பஸ் இல்லை. மறுநாள் போயிருக்கலாம், போகவில்லை. தெரிந்தவர்கள் பெயரையெல்லாம் போட்டு, வீட்டிலேயே உட்கார்ந்து இருபது தரமும் நானே தொட்டேன். கடையில் பில் போடும் மிஷின் மாதிரி 'பீப்' என்பதுதான் எனக்குச் சரியாகப் பட்டது, எனக்குப் பட்டது எல்லோருக்கும் படாதா என்ற திமிர். அலைந்து களைத்தேன் என்று பொய்யும் சொன்னேன். வெயிலில் போகாதே அம்மா என்றாய் நீ.

போன மாதம் முழங்கால் வலிக்குக் கள்ளக்குறிச்சியில் உன் மிஷின் வைத்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மலையிலிருந்து நமக்குத் தேன் கொண்டுவரும் தைலம்மாள், காலில் புண்ணோடு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். காலை எட்டு மணிக்கு வந்தவள், மணி ஒன்றாகியும் கையில் டோக்கன் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"மூணு வாட்டி தொட்டன், மூணு வாட்டியும் பீப்புன்னு கத்துச்சிங்க. ரேசன் கடையில ரேகை வுழலன்னா இப்டித்தான் கத்தும். என் வெரலு தேஞ்சி போச்சி, இன்னா பண்றது" என்றாள்.

மூன்று சீட்டும் கீழே வந்து தொங்கியிருக்கின்றன, அவள் பார்க்கவில்லை, பின்னால் வந்தவர்கள் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். நான் போட்ட இருபது பெயரில் அவள் பெயரும் ஒன்று, இலக்கியா. டாக்டர் அதற்குள் எழுந்து போய்விட்டார். அவளை நம் வீட்டுக்கு அழைத்துவந்து சோறு போட்டு, நடந்ததைத் தலை குனிந்தபடியே சொன்னேன்.

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனேங்க" என்றாள். திட்டியிருந்தால் என் மனசு ஆறியிருக்கும்.

மறுநாள் டாக்டர் புண்ணை வெட்டிச் சுத்தம் செய்தார், இப்போது நடக்கிறாள். அந்த வாரமே டேப்லெட்டோடு மலையேறினேன். இருபத்திரண்டு பேரில் பதினாறு பேர் பீப்பைக் கேட்டதும் விரலை இழுத்துக்கொண்டார்கள். ஐந்தில் ஒன்று, விரலுக்கடியில் லேசாக அதிர்ந்து 'டொக்' என்று வருமே, அதற்குத்தான் தலையாட்டினார்கள். தகரப் பெட்டி மூடுகிற சத்தம் அது, மூடிவிட்டால் வேலை முடிந்தது என்றார் பூமாலை என்கிற பெரியவர்.

எல்லாம் டேப்லெட்டில் இருக்கிறது, இதோடு அனுப்புகிறேன். தப்பு உன்னுடையது இல்லை, அம்மா செய்தது என்று உன் மேலதிகாரியிடம் என் பெயரைச் சொல்லியே சொல்லிவிடு, மறைக்காதே. சத்தத்தை மாற்றும்வரை விடாதே. நன்றாக இரு தாயே, உன் கைவேலை நாலு பேருக்கு உதவட்டும். நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன், பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் அம்மா
ராணியம்மாள்