சஃபீனா என்ன சொன்னாள்?

சிறை
9.6.2024

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

நான் சுகம். நீயும் பிள்ளைகளும் சாப்பிட்டுத் தூங்குகிறீர்களா? ஜாமீனில் போகும் ஒருவர் கையில் இதைக் கொடுத்தனுப்புவதால் மனம்விட்டு எழுதுகிறேன். செம்பூரில் அந்தப் பெண்மேல் காரை ஏற்றிக் கொன்றது சேட்டின் மகன் என்பது உனக்குத் தெரியும். ஓட்டியது நான்தான் என்று அவர் வீட்டு டிரைவரான நான் ஒப்புக்கொண்டது நம் வீட்டுக்காகத்தான். இரண்டு வருடத்தில் முடிந்துவிடும் என்கிறார் சேட். அவர் தந்த பணத்தில் நாம் குடியிருக்கும் ரூமை உன் பெயருக்கு வாங்கிவிடு. மழைக்கு முன் கூரைத் தகரத்தையும் மாற்று. என்னைப் பார்க்க வருவதாகச் சொன்ன அவருடைய ஆள்தான் இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.

உன்
மாரிசெல்வம்

தாராவி
2.7.2024

அன்புள்ள அத்தானுக்கு,

ரூம் முடிந்துவிட்டது. தகரமும் மாற்றியாயிற்று. சின்னவன் உங்கள் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் தூங்குகிறான்.

நேற்று அந்தப் பெண்ணின் தாய் வந்திருந்தார். பெயர் நூர் நிஷா. குர்லாவில் தையல் கடை, சொந்த ஊர் மேலப்பாளையம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார்.

“ஒம் மாப்பிள்ளகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டுச் சொல்லும்மா. சஃபீனா விழுந்த பொறவு, காரு ஓட்டுனவரு எறங்கிக் குனிஞ்சு பார்த்தாராம். அவ ஏதோ சொன்னாளாம். தூரத்துல நின்னவங்க சொல்லுதாங்க. எம் புள்ள என்ன சொன்னா? தண்ணி கேட்டாளா?”

கேட்டுச் சொல்கிறேன் என்றேன். யாரிடம் கேட்பேன் அத்தான்?

மாரீஸ்வரி

சிறை
14.7.2024

மாரீஸ்வரி,

‘அம்மா’ என்று கூப்பிட்டாள், அதோடு கண்ணை மூடிவிட்டாள் என்று நான் எழுதியதாகச் சொல். அந்தத் தாய்க்கு மனம் ஆறும். வேறு எதையும் வாய்விடாதே. பெரியவனுக்குக் காலேஜ் சீட் வாங்கித் தருவதாகச் சேட் சொல்லியிருக்கிறார்.

மாரிசெல்வம்

தாராவி
5.8.2024

அத்தான்,

இதை முன்போல் ஆள் மூலம் அனுப்பாமல் தபாலில்தான் போடுகிறேன். அங்கே பிரித்துப் படிப்பார்களாம். படிக்கட்டும்.

நீங்கள் எழுதியதைச் சொல்லத்தான் குர்லாவுக்குப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டு நூர் நிஷா என் வாயையே பார்த்தார். “அம்மான்னு கூப்பிட்டாளாம்” என்றேன்.

“எம் மவளுக்கு உம்மான்னுதானே வரும்” என்றார். கோபமே இல்லை. “அவரு காதுல அப்படி விழுந்திருக்கும்” என்று அவரே எனக்காகச் சமாதானமும் சொன்னார். அதற்குமேல் என்னால் முடியவில்லை. விபத்து நடந்த அன்று காலை முழுக்க நீங்கள் காய்ச்சலில் வீட்டில் படுத்துக் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

“அப்போ அவ சொன்னதக் கேட்டவன் வெளிய திரியுதான்” என்றார். அப்புறம்தான் அழுதார்.

மறுநாள் அவருடைய வக்கீலோடு போய் மாஜிஸ்திரேட் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். உங்களுக்கு ஊசி போட்ட டாக்டரும் சாட்சிக்கு வருகிறார். ரூமை விற்கச் சொல்லியிருக்கிறேன். சேட் பணம் அவரிடமே போகட்டும். அவர் ஆள் வந்து மிரட்டினான். பிள்ளைகளை அம்பர்நாத்தில் அண்ணன் வீட்டில் விட்டிருக்கிறேன்.

பொய் சொன்னதற்கு உங்களுக்கும் தண்டனை வரலாமாம். அது முடியும்வரை காத்திருப்பேன். சேட் மகனுக்காக ஒரு நாள்கூடக் காத்திருக்க மாட்டேன்.

அடுத்த வாய்தாவில் உங்களைக் கேட்பார்கள். நூர் நிஷா முன்வரிசையில் இருப்பார். பக்கத்தில் நான் இருப்பேன். ஜட்ஜைப் பார்க்க வேண்டாம், அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள்.

மாரீஸ்வரி