வளையம் ஓயும் வரை

மார்ச் 4
அண்ணனுக்குப் பிரஷர் நூற்றுத் தொண்ணூறு. மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதமாம்; அண்ணிதான் போனில் போட்டுக்கொடுத்தார். நேராகப் போய்ப் பிடிபிடியென்று பிடித்துவிட்டு, கையில் பட்டையைச் சுற்றி அளந்தேன். அறுபதடி உயரத்தில் கிரேன் பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்திருப்பவன். அங்கே மயங்கினால் யார் ஏறித் தூக்குவது? அப்பா ஐம்பது வயதில், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்தார். இவனுக்கு நாற்பத்தேழு. சிரிக்கிறான்.

"நீ கத்துற கத்துக்குச் செத்தவனுக்கும் பிரஷர் ஏறும்."

மார்ச் 9
பதினோரு வருடமாக இதே ஆய்வுக்கூடம், இதே வேலை. இன்றும் வாயடைத்துப் போனேன்.

அறுவை சிகிச்சையில் எடுத்த கொழுப்புத் துண்டு. கொடுத்தவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார். பெயர் எங்களுக்கு வராது, எண்ணும் நோய்க்குறிப்பும்தான் வரும். அதிலிருந்து முடியைவிடச் சற்றே தடித்த இரத்தக் குழாய் ஒன்றைப் பிரித்து, இரண்டு மில்லிமீட்டர் நறுக்கி, அந்த வளையத்தை மெல்லிய கம்பிகளில் கோத்து, உடம்புச் சூட்டில் இருக்கும் உப்புநீரில் மாட்டினேன். அரை மணி நேரம் ஓயவிட்டேன். பிறகு நார் அட்ரினலின் ஒரு சொட்டு. பயந்தாலும் கோபப்பட்டாலும் உடம்பு இரத்தத்தில் கலக்கும் அதே சரக்கு.

வளையம் கம்பியை இறுக்கியது. திரையில் கோடு கிடுகிடுவென்று ஏறியது. மூளை இல்லை, முதலாளி இல்லை, திட்ட ஆளில்லை. இந்த இத்தனூண்டு சதைக்குக் கோபம் புரிகிறது!

காலையில் மாட்டிய வளையம் கொதிப்பு இல்லாதவருடையது. அது இதே சொட்டுக்கு லேசாகத்தான் இறுகியது. இது இரத்தக் கொதிப்புக்காரருடையது, சுவர் தடித்திருக்கிறது. நீரை மாற்றிக் கழுவிய பிறகும் பிடியை விட மனமில்லாமல் மெதுவாகத்தான் விட்டது.

மார்ச் 10
அண்ணன் வீடு. சண்டை. நூற்றெண்பத்தாறு. கருவியே பொய் சொல்கிறது என்கிறான்.

மார்ச் 17
அவசரத்தில் வளையத்தை மாட்டியதுமே சொட்டை விட்டுவிட்டேன். கோடு தாறுமாறாக ஓடியது. ஆய்வுக்கூடத்தின் தலைவி, மேடம், பின்னால் நின்று பார்த்திருக்கிறார்.

"ஓய விட்டியா?"

"இல்ல மேடம்."

"அப்ப இது உன் அவசரத்தோட கணக்கு. தூக்கிப் போடு."

வளையத்தைக் கழற்றும்போதுதான் உறைத்தது. அண்ணன் — வாசலில் நுழையும்போதே கத்தி, கத்திய கையோடு பட்டையைச் சுற்றி... இரண்டு வாரமாக நான் அளந்தது எதை? என் குரல் அவன் காதில் விழுகிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் குட்டிச் சுரப்பி விழிக்கிறது. உடம்பு முழுக்க ஆயிரமாயிரம் மெல்லிய குழாய்கள் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. என் ஒரு வார்த்தையால். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது. யாருடையதென்றே தெரியாத துண்டுக்கு அரை மணி கொடுக்கிறேன், கூடப் பிறந்தவனுக்கு ஒரு நிமிடம் கொடுக்கவில்லை. ஒருவேளை அவனுக்கு ஒன்றுமே இல்லையோ?

மார்ச் 18
போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

மார்ச் 21
போனேன். உன்னைத் தப்பாக அளந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டான்.

நாற்காலியில் சாய்ந்து உட்காரவைத்தேன். கால் தரையில், கை மேசைமேல். அரை மணி நேரம் இருவரும் வாய் திறக்கவில்லை. பேச்சை முறித்துக்கொண்டோமோ என்று அண்ணி இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பிறகு அளந்தேன். நூற்று அறுபத்திரண்டு. பத்து நிமிடம் விட்டு மறுபடி: நூற்று அறுபது. முன்பைவிடக் குறைவு, ஆனாலும் அதிகம்தான்.

கருவியைத் தன் பக்கம் திருப்பி அந்த எண்ணைப் பார்த்தான்.

"நீ ஒண்ணுமே சொல்லலியே."

"இல்ல."

"அப்ப இது என்னோடதுதான்."

மார்ச் 23
டாக்டரிடம் அவனே கிளம்பினான். மாத்திரை. இரண்டு வாரத்துக்குக் கிரேன் ஏறக்கூடாது என்றாராம். முணுமுணுத்தானாம், ஆனால் ஏறவில்லை.

ஏப்ரல் 30
நூற்று முப்பத்து நான்கு. வேலை முடிந்து வந்ததும் இரண்டு நாற்காலி போட்டு, பட்டையை எடுத்து வைத்துவிட்டு எனக்குப் போன் செய்திருந்தான்.

"வா, சும்மா உக்காந்திருக்கலாம்."